ஒரு நாளைக்கு ஓர் இடம்: பினாங்குக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பங்களுக்கு

போன பள்ளி விடுமுறையில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்குக் கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவரின் அம்மா. வந்த முதல் சனிக்கிழமையே ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். காலையில் கொடிமலை, அங்கிருந்து கெக் லோக் சி புத்தர் கோவில், மத்தியான வெயிலில் சுவரோவியங்கள், மாலையில் பத்து பெரிங்கி கடற்கரை, இரவில் கர்னி டிரைவ் கடலோரச் சாலை. பத்து மணிக்குத் திரும்பியபோது சின்னவன் அழுது ஓய்ந்து அப்பாவின் தோளில் தூங்கிக் கிடந்தான். பாட்டி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மின்தூக்கிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. "எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் அக்கா" என்றாள் அந்தப் பெண். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம். என் அம்மாவையும் ஒரு முறை நான் இப்படித்தான் இழுத்துக்கொண்டு அலைந்தேன். அடுத்த வாரம் கூப்பிட்டபோது, "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு அவரை மறுபடி வெளியே வரவைக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அன்றிலிருந்து ஓர் உலா நன்றாக அமைந்ததா என்பதை நான் ஒரே ஒரு கேள்வியால்தான் அளக்கிறேன்: அடுத்த முறை கூப்பிட்டால் வீட்டுப் பெரியவர் வருவாரா?

தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில் இருக்கும் பாகானில் (பட்டர்வொர்த்) பிறந்து, தீவில் வாக்கப்பட்டு, இந்த ஊரின் இரு கரையிலும் வாழ்ந்தவள் என்ற உரிமையில், புதிதாக வந்தவர்களுக்குச் சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலில் கூட வருபவர்களைப் பாருங்கள்

எங்கே போகலாம் என்று தொடங்காதீர்கள். யார் வருகிறார்கள் என்று தொடங்குங்கள். உங்கள் கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் யார்? அவர் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? எத்தனை மணிக்கு மாத்திரை சாப்பிட வேண்டும்? குழந்தை எப்போது தூங்கும்? இந்த நான்குக்கும் பதில் கிடைத்துவிட்டால் இடம் தானாக முடிவாகிவிடும். முழங்கால் வலி உள்ளவருக்குக் கடலோர நடைபாதை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மணல். பதின்ம வயதுப் பையனுக்குக் காடும் மலையும். எல்லாருக்கும் எல்லாம் ஒரே நாளில் வேண்டாம். தீவு எங்கும் ஓடிவிடாது. நீங்கள் இங்கே குடிவந்தவர்கள், இரண்டு நாள் விடுதி எடுத்துத் தங்க வந்தவர்கள் அல்ல. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்தாலே அவசரம் பாதி குறைந்துவிடும்.

நாளும் நேரமும்

பினாங்கில் வெயில் காலை பத்து மணிக்கெல்லாம் தலையில் ஏறிவிடும். பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியே வைத்திருக்க இரண்டு வேளைகள்தான் ஏற்றவை: விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரை, பிறகு ஐந்திலிருந்து இருட்டும் வரை. இங்கே விடிவதற்கு ஏழு மணியாகும், இருட்டுவதற்கு ஏழரை ஆகும் என்பதால் மாலைப் பொழுது தாராளமாகவே கிடைக்கும். நடு மத்தியானத்தை வீட்டில் தூங்கிக் கழியுங்கள். விடுமுறை என்றால் மத்தியானத் தூக்கமும் அதில் சேர்ந்ததுதான்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கூடுதல். பிற்பகலில் கறுத்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். அந்த மாதங்களில் காலை உலாவே நல்லது. ஜனவரி, பிப்ரவரியில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

இன்னொரு விஷயம், வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று தோன்றாதது. பக்கத்து மாநிலமான கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நமக்குச் சனியும் ஞாயிறும். ஆகவே சனிக்கிழமை இரண்டு மாநிலங்களின் கூட்டமும் பாலத்திலும் கடற்கரையிலும் ஒன்றாகச் சேரும். உங்களால் முடிந்தால் ஞாயிறு காலையைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி விடுமுறை என்றால் செவ்வாய், புதன் போன்ற நடுவார நாள்கள் இன்னும் அமைதியானவை.

கடலின் நேரம்

கடலோர ஊரில் கடிகாரத்தோடு கடலின் கணக்கையும் பார்க்க வேண்டும். இங்கே நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றலும் கூடுதலாக இருக்கும். கைப்பேசியில் பினாங்கு நீர் ஏற்ற அட்டவணை என்று தேடினால் அன்றைய நேரங்கள் கிடைக்கும். இதைப் பார்க்காமல் போய் ஏமாந்தவர்கள் பலர். சில கரைகளில் கடல் பார்க்கலாம் என்று நீர் வற்றிய வேளையில் போய் நின்றால், பார்வைக்குத் தெரிவது சேறு, மூக்குக்குத் தெரிவதும் சேறு.

ஆனால் அந்தச் சேற்றையும் ஒரு முறை பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தடுப்புச் சுவர் ஓரமாக நின்று அசையாமல் இரண்டு நிமிடம் பார்த்தால், வெறும் சேறு என்று நினைத்த இடம் மெல்ல அசையத் தொடங்கும். விரல் நீளத்தில் துருத்திய கண்களோடு சின்னஞ்சிறு மீன்கள் துடுப்பை ஊன்றித் தத்தித் தத்தி மேலே வரும். நண்டு வளையிலிருந்து எட்டிப் பார்க்கும். கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்று எல்லாவற்றையும் கவனிக்கும். என் பேத்தி நாற்பது நிமிடம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எந்தக் கட்டணமும் இல்லாத காட்சி அது.

பையில் என்ன

மடக்கும் பாய் ஒன்று. ஆளுக்கு ஒரு துண்டு, மாற்றுத் துணி. தண்ணீர் நிறைய. வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதமோ பொரித்த மீ ஹூனோ ஒரு டப்பாவில் இருந்தால் பிள்ளைகளின் பசி உங்கள் திட்டத்தைக் கெடுக்காது. சில்லறைக் காசு அவசியம். பஸ்ஸில் மீதி தரமாட்டார்கள். பெரியவர்களின் மாத்திரையை ஒரு வேளைக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் இறங்குவதாக இருந்தால் ஒரு சிறு புட்டி வினிகர். ஏன் என்பதைப் பத்து பெரிங்கி பற்றிப் பேசும்போது சொல்கிறேன். கடைசியாக ஒரு முகப்பவுடர் டப்பா. அதன் பயனையும் பிறகு சொல்கிறேன்.

முதல் உலா: பெரிப் படகில் கடந்து பாடாங் கோத்தா

புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் முதல் உலா இதுதான். நீங்கள் தீவில் குடியிருந்தாலும் சரி, பாகான் பக்கம் குடியிருந்தாலும் சரி, ஒரு முறை பெரி ஏறிக் கடலைக் கடந்தால்தான் இந்த ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்பது மனத்தில் பதியும். பாலம் 1985இல் திறக்கப்பட்டது, 13.5 கிலோமீட்டர். 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். இரண்டும் வசதியானவை. ஆனால் பாலத்தில் போகும்போது நாம் கடலைப் பார்ப்பதில்லை, முன்னால் போகும் காரைத்தான் பார்க்கிறோம்.

நான் சிறுமியாக இருந்தபோது மஞ்சள் நிறப் பெரிகள் ஓடின. கார்கள் வரிசையாக ஏறும்போது இரும்புத் தளம் அதிரும் ஓசை, டீசல் வாடையோடு கலந்த உப்புக் காற்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் கையின் மேல் அப்பாவின் கை. பாகானிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அப்பா எங்களை அழைத்துப் போவார். பல நாள்கள் தீவில் இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு அப்படியே திரும்பி வருவோம். அதுவே எங்களுக்குத் திருவிழா.

2023 ஆகஸ்டில் அந்தப் பழைய பெரிகளின் இடத்துக்கு நான்கு புதிய படகுகள் வந்தன: தெலுக் பாஹாங், தெலுக் டுயோங், தெலுக் கம்பி, தெலுக் கும்பார். நான்கும் இந்தத் தீவின் கடற்கரைகளின் பெயர்கள். இப்போது கார் ஏற்றுவதில்லை; நடந்து வருபவர்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். குளிரூட்டிய அறையில் உட்காரலாம். கடப்பதற்குக் கால் மணி நேரம் போதும், கட்டணமும் மிகக் குறைவு. ஜன்னல் ஓர இடத்தைப் பாட்டிக்கும் பிள்ளைக்கும் கொடுங்கள். பாகான் பக்கம் துறைக்கு அருகிலேயே ரயில் நிலையமும் பஸ் நிலையமும் இருக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து உங்களைப் பார்க்க வரும் உறவினர்களையும் ரயிலில் வந்து இறங்கிப் பெரி ஏறச் சொல்லுங்கள். அவர்கள் தீவுக்குள் நுழைய அதைவிட நல்ல வழி இல்லை.

மாலை நான்கரைக்குப் படகு ஏறினால் ஐந்து மணிக்குத் தீவில் இருப்பீர்கள். துறையிலிருந்து மெதுவாக நடந்தால் மணிக்கூண்டு வரும். விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்கு அறுபது ஆண்டு நிறைவானதை முன்னிட்டுக் கட்டப்பட்டது. ஆண்டுக்கு ஓர் அடி என்று அறுபது அடி உயரம். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அண்ணாந்து பார்த்து எண்ண முயல்வார்கள். அதைத் தாண்டினால் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய முனை இது. உள்ளே போகக் கட்டணம் உண்டு. முதல் நாளே உள்ளே போக வேண்டும் என்பதில்லை. கோட்டையைச் சுற்றிக்கொண்டு திடலுக்குப் போங்கள்.

அந்தத் திடல்தான் பாடாங் கோத்தா. ஒரு பக்கம் 1903இல் கட்டிய வெள்ளை நகர மண்டபம், மறுபக்கம் கடல். நடைபாதை சமமாக இருப்பதால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடையில்லாமல் போகும். பாயை விரித்துப் புல்லில் உட்காருங்கள். பிள்ளைகள் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டு ஓடட்டும். கப்பல்கள் நகர்வதைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். இரண்டு மணி நேரம் எதுவும் செய்ய வேண்டாம். இது சிலருக்குச் சிரமமாக இருக்கும், தெரியும். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டால் பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

பசித்தால் அந்தப் பக்கத்து அங்காடிகளில் பசம்போர் வாங்குங்கள். இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்: இறால் வடை, தவ்பு, அவித்த உருளைக்கிழங்கு, கணவாய், முட்டை. எடுத்துக் கொடுத்ததும் கடைக்காரர் கத்தரிக்கோலாலோ கத்தியாலோ துண்டு போட்டு, மெல்லியதாகச் சீவிய வெள்ளரிக்காயையும் செங்குவாங் கிழங்கையும் அள்ளிப் போட்டு, மேலே கெட்டியான செங்குழம்பை ஊற்றுவார். நிலக்கடலையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்ந்த குழம்பு. முதலில் இனிக்கும், பிறகு காரம் மெதுவாக ஏறும். எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி விலை என்பதால், எடுப்பதற்கு முன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கணவாய்தான் விலை அதிகம். குழந்தைகளுக்குக் குழம்பைத் தனியாக வாங்குவது நல்லது.

சைவம் சாப்பிடுபவர்கள் இருந்தால் திரும்பும் வழியில் கடைத்தெருவுக்குள் நுழைந்துவிடலாம். மார்க்கெட் ஸ்ட்ரீட் என்று பலகையில் இருந்தாலும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது கடைத்தெருதான். ஒரு முனையில் பூக்கட்டும் வாசனை, அடுத்த கடையில் பாட்டு, வடை பொரியும் எண்ணெய். குவீன் ஸ்ட்ரீட்டில் இருக்கும் மகா மாரியம்மன் கோவில் 1833இல் எழுந்தது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோவில். பாட்டிக்கு அங்கே ஐந்து நிமிடம் கண்மூடி நிற்கக் கிடைத்தால் அன்றைய நாள் நிறைந்துவிடும். சில நிமிட நடையில் இந்திய முஸ்லிம்கள் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோவில், அருகிலேயே ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். பிள்ளைகள் இவற்றைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன் கால்நடையாகப் பார்த்துவிடட்டும். 2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ் டவுன் உலக மரபுச் சின்னமானது இப்படிப்பட்ட தெருக்களால்தான். ஆனால் எல்லாவற்றையும் அன்றே நுழைந்து பார்க்காதீர்கள். ஒன்று போதும். மற்றவை அடுத்தடுத்த மாதங்களுக்கு.

இரண்டாம் உலா: தண்ணீர்மலையும் நாகலிங்க மரமும்

இது காலை உலா. ஏழு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படிகள். இப்போதுள்ள பெரிய ஆலயம் 2012இல் குடமுழுக்குக் கண்டது. படிகள் அகலமாக இருக்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன் போனால் நிதானமாக ஏறலாம். ஐம்பது படிக்கு ஒரு முறை நில்லுங்கள். திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நகரமும் கடலும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பிள்ளைகளைப் படிகளை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை ஒருவருக்கொருவர் நிச்சயம் ஒத்துவராது, அந்த வழக்கு மேலே போகும்வரை நடக்கும், களைப்பே தெரியாது.

முழங்கால் வலி உள்ளவர்களை ஏறும்படி வற்புறுத்தாதீர்கள். அடிவாரத்தில் கணேசர் கோவில் இருக்கிறது. பாட்டி அங்கே உட்கார்ந்திருக்கட்டும், ஒருவர் துணைக்கு இருக்கட்டும். "நான் கீழேயிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்" என்று என் அம்மா சொல்லும்போது முதலில் எனக்கு வருத்தமாக இருக்கும். பிறகுதான் புரிந்தது, அவருக்கு அந்த அரைமணி நேரத் தனிமை பிடித்திருந்தது. நான் இறங்கி வருவதற்குள் அடிவாரத்தில் இரண்டு சிநேகிதிகளைப் பிடித்துவிடுவார்.

தைப்பூசத்தை இந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை. லட்சக்கணக்கான பக்தர்கள் கூடும் நாளில் நிதானமான உலா என்பது இல்லை. அந்தப் பக்தி வேறு, அதற்கான தயாரிப்பு வேறு. உங்கள் முதல் தைப்பூசத்துக்கு முன் சாதாரண நாளில் இரண்டு மூன்று முறை போய் வழிகளைப் பழகிக்கொண்டால் மட்டும் நல்லது.

கோவிலிலிருந்து சற்றுத் தள்ளித் தாவரவியல் பூங்கா. 1884இல் தொடங்கியது, பழைய கல்குவாரி இருந்த பள்ளத்தாக்கில் அமைத்தார்கள். நுழைவு இலவசம். உள்ளே போனதும் நாகலிங்க மரத்தைத் தேடுங்கள். அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஒரு பூவைக் கீழேயிருந்து எடுத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள்: தடித்த இளஞ்சிவப்பு இதழ்கள், நடுவில் லிங்கம் போன்ற சிறு மேடு, அதன்மேல் குடைபிடித்ததுபோல் கவிந்திருக்கும் பாம்புப் படம். பாட்டிதான் இதைச் சொல்லிக்கொடுக்கத் தகுந்தவர். அவரையே விளக்கச் சொல்லுங்கள். அதே மரத்தில் தொங்கும் காய்கள் பீரங்கிக் குண்டு அளவுக்கு இருக்கும். அடியில் பாய் விரிக்க வேண்டாம்.

குரங்குகள் இரண்டு வகை. நீண்ட வாலுடைய சாம்பல் பழுப்புக் குரங்கு துணிச்சலானது. நெகிழிப் பையின் சலசலப்பைக் கேட்டாலே ஓடி வரும். உணவை வெளியே எடுக்காதீர்கள், உணவு கொடுக்கவும் கூடாது, அது சட்டப்படி குற்றம். மற்றொன்று கண்களைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள இலைக்குரங்கு. மூக்குக்கண்ணாடி போட்ட தாத்தாவைப்போல் மரத்தில் உட்கார்ந்து இலை தின்னும். நம்மை நாடி வராது. அதன் குட்டி பிறந்த புதிதில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். தாயின் கறுத்த மடியில் அந்த நிறத்தைப் பார்க்கும் பாக்கியம் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒன்பதரைக்கு வெளியே வந்துவிடுங்கள். ரொட்டி சானாயும் தே தாரேக்கும் அதற்குப் பிறகு எந்தக் கடையில் சாப்பிட்டாலும் ருசிக்கும்.

மூன்றாம் உலா: மணலும் நீரும்

பத்து பெரிங்கிக்குக் கார் வேண்டியதில்லை. துறைமுகத்திலிருந்தும் நகர நடுவிலுள்ள கொம்தார் கட்டடத்திலிருந்தும் புறப்படும் 101ஆம் எண் பஸ், தஞ்சோங் பூங்கா வழியாகப் பத்து பெரிங்கி போய்த் தெலுக் பாஹாங்கில் முடியும். கடலோர வளைவுகளில் அந்தப் பஸ் திரும்பும்போது பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. வலது பக்க இருக்கைகளில் உட்காருங்கள், போகும்போது கடல் அந்தப் பக்கம்.

கடற்கரையில் இறங்கியதும் முதலில் கண்ணில் படும் இடத்தில் பாயை விரிக்காதீர்கள். மோட்டார் படகுகளும் பாராசூட் விளையாட்டும் நடக்கும் பகுதி எது என்று பார்த்து, அதிலிருந்து விலகிப் போங்கள். ஓடைகள் கடலில் கலக்கும் இடத்திலும், மழை பெய்து ஓய்ந்த உடனேயும் பிள்ளைகளை நீரில் இறக்க வேண்டாம்; அழுக்கு நீர் அங்கேதான் வந்து சேரும்.

வினிகர் இதற்காகத்தான்: பினாங்குக் கடலில் சொறிமீன்கள் உண்டு. பெட்டி வடிவச் சொறிமீனும் இங்கே காணப்பட்டிருக்கிறது. அதன் கொட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். கொட்டிவிட்டால் உடனே நீரைவிட்டு வெளியே வந்து, அந்த இடத்தைத் தேய்க்காமல் வினிகரைத் தாராளமாக ஊற்ற வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒட்டியிருக்கும் நச்சு முட்கள் அதனால் இன்னும் தூண்டப்படும். மூச்சுத் திணறலோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் தாமதிக்காமல் 999ஐ அழையுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எச்சரிக்கைப் பலகை இருக்கும் நாள்களில் பிள்ளைகளை மணலில் மட்டும் விளையாட விடுங்கள். கோட்டை கட்டுவதற்குக் கணுக்கால் நீர் போதும்.

மாலையில் சாலையோரம் இரவுச் சந்தை கூடும். பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்பார்கள். வீட்டிலேயே ஆளுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிட்டால் அடம் இருக்காது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இருந்தால் பஸ் முடியும் இடம் வரை போங்கள். தெலுக் பாஹாங்கில் 2003இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா இருக்கிறது. நுழைவாயிலில் பெயர் பதிந்துவிட்டுத்தான் போக வேண்டும். கெராச்சுட் கடற்கரைக்குக் காட்டு வழியாக நடக்க ஒன்றரை மணி நேரம் ஆகும்; பெரியவர்கள் இருந்தால் படகில் போய்ப் படகிலேயே திரும்புங்கள். படகுக்காரரிடம் திரும்பும் நேரத்தையும் மொத்தக் கட்டணத்தையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். அங்கே ஆமை முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்கவைக்கும் நிலையம் இருக்கிறது. கடற்கரைக்குப் பின்னால் ஒரு விந்தையான ஏரியும் உண்டு: மேலே நல்ல நீர், அடியில் உப்பு நீர், இரண்டும் கலப்பதில்லை. மழைக்காலத்தில்தான் நிறைந்திருக்கும், வறண்ட மாதங்களில் போனால் வெறும் பள்ளமாகத் தெரியலாம். கடலில் குளிக்க இந்தக் கரை ஏற்றதல்ல.

மாசி மகத்தன்று தெலுக் பாஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோவிலில் தெப்பம் கடலில் இறங்கும். இருட்டிய நீரின்மேல் விளக்குகளோடு அது நகர்வதைக் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். நாள்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள்.

கொடிமலை

இதற்கு இரண்டு அறிவுரைதான். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள். பராமரிப்புக்காக ரயில் நிறுத்தப்படும் நாள்கள் உண்டு என்பதால் கிளம்பும் முன் அன்று ஓடுகிறதா என்று பாருங்கள். மலை ரயில் 1924இல் ஓடத் தொடங்கியது. பழைய ரயிலில் நடுவில் இறங்கி மாற வேண்டும், மேலே போக அரை மணி நேரமாகும்; 2011இல் வந்த புதிய ரயில் சில நிமிடங்களில் ஏற்றிவிடுகிறது. கொம்தாரிலிருந்து 204ஆம் எண் பஸ் அடிவார நிலையத்துக்கே வரும். மேலே காற்று குளிர்ச்சியாக இருக்கும். முருகன் கோவிலில் கும்பிட்டுவிட்டுத் தடுப்புக் கம்பியோரம் நின்று, நீங்கள் பெரியில் கடந்த நீரையும் இரண்டு கரையையும் பிள்ளைகளை அடையாளம் காணச் சொல்லுங்கள். அதனால்தான் இதை முதல் உலாவாகச் சொல்லவில்லை. கீழே நடந்து பழகிய பிறகு மேலேயிருந்து பார்த்தால்தான் "அதோ நம் மணிக்கூண்டு" என்று பிள்ளை கத்தும்.

பாலிக் புலாவ், பிறகு பாகான்

தீவின் பின்பக்கம் பாலிக் புலாவ். ஜூன் முதல் ஆகஸ்டு வரை டுரியான் காலம். வளைவுப் பாதை என்பதால் வயிறு நிறைய வைத்துக்கொண்டு போகாதீர்கள். இஞ்சி மிட்டாய் கையில் இருக்கட்டும். புளிப்பும் மீனும் சேர்ந்த லக்சா, அதோடு ஜாதிக்காய்ச் சாறு. அவ்வளவுதான், திரும்பிவிடலாம்.

பாகான் கரையை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள், ஆகவே நான் சொல்கிறேன். தீவில் இருப்பவர்கள்கூட ஒரு மாலை பெரி ஏறி அந்தப் பக்கம் வாருங்கள், அங்கிருந்து வாடகைக் காரில் பந்தாய் பெர்சேவுக்குப் போங்கள். சுற்றுலாப் பேருந்துகள் இல்லை, கூட்டம் குறைவு, சுட்ட மீன் கிடைக்கும். முக்கியமாக, அந்தக் கரை மேற்கைப் பார்த்தது. ஏழு மணிக்குச் சூரியன் தீவின் மலைகளுக்குப் பின்னால் இறங்கும். முதலில் மலை நீலமாகும், பிறகு கறுப்பாகும், பிறகு அதன் அடிவாரத்தில் ஒவ்வொன்றாக விளக்குகள் ஏற்றப்படும். என் அப்பா இந்தக் கரையில் உட்கார்ந்துதான் எனக்குத் தீவைக் காட்டினார்.

திரும்பும்போது

இருட்டிய பின் "இன்னும் ஓர் இடம்" என்று யாராவது தொடங்குவார்கள். பெரும்பாலும் அது அப்பாவாக இருக்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே வீட்டுப் பாதையில் இருக்க வேண்டும். ஞாயிறு மாலை பாலத்தில் நெரிசல் இருக்கும்; பெரியில் அது இல்லை.

காலில் ஒட்டிய ஈர மணலைத் தண்ணீரால் கழுவக் குழாயைத் தேடி அலையாதீர்கள். முகப்பவுடரைக் காலில் தூவித் துண்டால் துடைத்தால் மணல் உதிர்ந்துவிடும். கீழ்வீட்டுப் பெண்ணுக்கு இதையும் சொல்லிக் கொடுத்தேன். போன சனிக்கிழமை அவர்கள் பாடாங் கோத்தாவுக்கு மட்டும் போய்விட்டு எட்டரைக்கெல்லாம் வந்துவிட்டார்கள். பாட்டி என் வீட்டுக் கதவைத் தட்டி, மிச்சமிருந்த இறால் வடையை ஒரு பொட்டலத்தில் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் அந்த நாகலிங்க மரத்துக்குப் போகிறோம். நீயும் வாயேன்" என்றார்.